செம்பேரி மாடலும் கடைசி நாலடியும்

போன வாரம் தென்னை ஏறும் கருவிக்கு வயர் கயிறு மாற்றினேன். மரத்தைச் சுற்றி வளைகிற இடத்தில் பழைய கயிறு இழை இழையாகப் பிரிந்து, வெறுங்கையால் தொட்டால் முள்ளாகக் குத்தியது. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தாமதம், உடுமலையிலிருந்து சித்தப்பா பையன் கூப்பிட்டுவிட்டான். "அண்ணா, அந்த மிஷின் நல்லா இருக்குதுங்களா? நானும் ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?" போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

என்னுடையது நின்றுகொண்டு ஏறும் வகை: காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொன்றிலும் கால் வைக்க ஒரு மிதி, மரத்தைச் சுற்றி மாட்ட ஒரு வயர் கயிறு. கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் அப்பச்சன் என்று அறியப்பட்ட எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய அமைப்பு அது. அதைப் பார்த்து இங்கேயும் பட்டறைகளில் செய்து தருகிறார்கள், நான் வாங்கியதும் அப்படி ஒரு பட்டறைச் சரக்குதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் வகையும் இருக்கிறது. உயரம் என்றால் நடுங்குகிறவர்களுக்கு அது தேவலை, ஆனால் நேரம் பிடிக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏறுவதைப் பொறுத்தவரை இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலில் தளைநார் என்ற கயிற்று வளையம் போட்டு ஏறிப் பழகாத, ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் நோகிற ஆள் நான். நான் நெட்டை மரத்தில் ஏறி அறுபது அடி உயரத்தில் நிற்கிறேன் என்றால் அது இந்த இரும்பின் புண்ணியம். மிதியில் உடல் பாரம் இறங்கினால் கயிறு மரத்தை இறுக்கும். காலைத் தூக்கினால் விடும். இடது, வலது, இடது என்று படி ஏறுவது போலப் போய்க்கொண்டே இருக்கலாம். மார்பு உரசாது, பாதம் வெடிக்காது. நடுவழியில் மூச்சு வாங்கினால் நின்று வேடிக்கை பார்க்கலாம். காய் போடுகிற ஆளுக்குப் போன் போட்டு "நாளைக்கு வந்தர்றேனுங்க" என்ற பதிலை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

கீழே மாட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிமரம் பருத்திருக்கும், மேலே போகப்போக ஒல்லியாகும். அடியில் சரியாக இருந்த அளவு பாதி மரத்துக்கு மேல் தளர்ந்து மிதி சாயும். அதனால் தொடக்கத்திலேயே எவ்வளவு இறுக்கமாகக் கொக்கியை மாட்ட முடியுமோ அவ்வளவு இறுக்கமாக மாட்டிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள், மரத்தில் பாசி இருக்கும்போது, ஏறவே கூடாது. இதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

பழகியும் வராதது கடைசி நாலடி.

மரத்தின் கழுத்து வரைக்கும்தான் இந்தக் கருவி போகும். அதற்கு மேல் தொங்கும் குலைகள், காய்ந்த மட்டை, பன்னாடை என்று எல்லாமே வழியில் நிற்கும். கயிறு அதைத் தாண்டாது. நீங்கள் குலைக்கு நேர் கீழே, இரண்டு காலும் இரும்பில் மாட்டியபடி நின்றுகொண்டு, அண்ணாந்து அரிவாளை வீச வேண்டும். தலைக்கு நேரே இருக்கிற குலையை வெட்டினால் காய் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் குலையை வெட்டலாம். மரத்துக்கு அந்தப்புறம் இருக்கிற குலை? அதற்கு இடது காலைக் கொஞ்சம் தூக்கி நகர்த்தி, வலது காலை நகர்த்தி, அங்குலம் அங்குலமாக மரத்தைச் சுற்றி வர வேண்டும். அறுபது அடி ஏறிய நேரத்தைவிட அந்த அரை வட்டத்துக்கு ஆகும் நேரம் அதிகம். எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருவது அங்கேதான்.

காயாவது பரவாயில்லை, எப்படியாவது இறக்கிவிடலாம். மட்டைகள் கூடும் உச்சியை, அதாவது கொண்டையை, என்ன செய்வது? எங்கள் பக்கம் காண்டாமிருக வண்டுத் தொல்லை உண்டு. குருத்தை அது கடித்துவிட்டுப் போனால், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாகக் குறைந்திருக்கும். அதைக் கீழே இருந்தே பார்க்கலாம், ஆனால் அப்போது காலம் கடந்திருக்கும். வண்டு உள்ளே இருக்கும்போதே தெரிய வேண்டுமென்றால் குருத்தடியில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை வாயில் சவைத்துத் துப்பிய நார் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பிக் கொக்கியை விட்டு வண்டை இழுத்துப்போட வேண்டும். அந்தக் காயம் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு நுழைந்துவிட்டால் மரமே போய்விடும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்கிறார்கள். மரத்துக்கு 150 கிராம். இல்லாவிட்டால் 45 நாளுக்கு ஒருமுறை மூன்று அந்துருண்டைகளை வைத்து மணலால் மூட வேண்டும். மருந்து எளிது, விலையும் பெரிதில்லை. ஆனால் இந்தக் கருவியில் நிற்கிறவனின் கைக்கும் அந்த இடுக்குக்கும் நடுவே நாலடி இருக்கிறது. அந்த நாலடி முழுக்கப் பாளையும் மட்டையும்.

எங்களுக்கு வழக்கமாகக் காய் போடும் பெரியவர் ஒருநாள் நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கொண்டைக்குள்ள கை போகலைன்னா அது ஏறுனதுல சேத்தி இல்லீங்க" என்றார். பொறாமையில் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கும் அதில் கொஞ்சம் பொறாமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சொன்னது சரி.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ஆரம்பித்த ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சிக்குப் போய் வந்த பையன் ஒருவன் எங்கள் ஊரில் இருக்கிறான். அவன் மேலே போனதும் கருவியை விட்டுக் காலை உருவி, மட்டையைப் பிடித்துக் கொண்டைக்குள் ஏறிவிடுவான். வேலை சுத்தமாக இருக்கும். திரும்பி வரும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். மட்டையில் தொங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மிதியைக் காலால் துழாவித் தேடுவான். ஏறும்போது இல்லாத ஆபத்தெல்லாம் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. இடுப்புப் பெல்ட் கொண்டையிலோ மரத்திலோ மாட்டியிருந்தால் ஒழிய யாரும் அதை முயற்சிக்க வேண்டாம். நான் மின்வேலை செய்கிறவர்கள் போடும் முழு உடல் பெல்ட்டைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். கருவியோடு வந்த நாடாவை ஆட்டைக் கட்டத்தான் பயன்படுத்தலாம்.

பட்டறைக்காரரைப் பற்றி ஒரு வரி: மரத்தில் அழுத்துகிற ரப்பர் பழைய டயரிலிருந்து வெட்டியது, அதன் போல்ட் தலை வெளியே துருத்திக்கொண்டு மரத்தைக் கீறியது. கேட்டதற்கு "மரம் என்ன சொல்லுச்சுங்களா?" என்றார். வேறு இடத்தில் ரப்பர் போட்டுக்கொண்டேன்.

சரி, தொரட்டி போதாதா என்று கேட்பார்கள். குட்டை மரத்துக்கும் இளம் மரத்துக்கும் அலுமினியத் தொரட்டி போதும், நானும் வைத்திருக்கிறேன். மின்கம்பி போகிற பக்கம் மட்டும் அதை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. நெட்டை மரத்துக்கு அது எட்டாது, வளைந்து ஆடும், இளநீர்க் குலையையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஆக, தம்பிக்கு நான் சொன்ன பதில்: வாங்காதே. ஏக்கருக்கு எழுபது மரம் வைத்திருப்பவன் எழுபதிலும் கழுத்து வரை போய்விட்டுத் திரும்புவதில் அர்த்தமில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கொண்டைக்குள் உட்கார்ந்து சுத்தம் செய்ய ஆள் வேண்டும், அந்த ஆள் வரும்போது காயையும் அவரே போட்டுவிடுவார். "அப்போ உங்க மிஷினை எனக்குக் குடுத்துருங்க" என்றான். இப்போதுதான் கயிறு மாற்றியிருக்கிறேன், ரப்பரும் நன்றாக இருக்கிறது, கொடுக்கிற எண்ணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிணற்று மேட்டு மரத்தில் ஏறிப் பார்க்கட்டும். பெல்ட் அவன் அளவுக்குச் சேருமா என்றுதான் தெரியவில்லை, ஆள் கொஞ்சம் பெருத்துவிட்டான்.