ஆப்பிள் பையோடு வருகிறவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்

சென்ற வியாழக்கிழமை வைத்தியசாலை வாசலில் அந்த நட்டஈட்டுத் தரகரை மறுபடியும் கண்டேன். ஒரு கையில் ஆப்பிள் பை, கக்கத்தில் நீலக் கோப்பு. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எலும்பு முறிவு வாட்டுப் பக்கம் நடந்துவிட்டார். 14 மாதங்களுக்கு முன் எங்கள் கட்டிலடிக்கு வந்ததும் இதே கோலத்தில்தான். இன்று யார் பெற்ற பிள்ளையின் கட்டிலைத் தேடிப் போகிறாரோ தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 26 வயது. மட்டக்களப்பில் கடற்கரைப் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தில் மேசன்மாருக்கு உதவியாளாக நின்றான். கொங்கிறீற் பீம்களை மேல் தட்டுக்கு ஏற்ற, மணித்தியால வாடகைக்கு ஒரு லொறிக் கிரேன் பிடித்திருந்தார்கள். நான் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறவள். கிரேனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் தம்பியின் கால் ஏன் நொறுங்கியது என்று கேட்டுக் கேட்டே இப்போது கொஞ்சம் தெரியும்.

நம் கரையோர மண்ணைத் தெரியும்தானே. மேலே இறுகிக் கிடப்பதுபோலத் தோன்றும், அடியில் ஈர மணல். கிரேன் பாரத்தைத் தூக்கித் திரும்பும்போது, எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்தில் வண்டி நிலத்தில் ஊன்றியிருக்கும் இரும்புக் காலில்தான் பாரம் பெரும்பாலும் போய் இறங்கும். அந்தக் காலுக்குக் கீழே தடித்த மரக்கட்டைகளை அகலமாக அடுக்கவேண்டும். அன்று இருந்தது தட்டு அடைக்கும் பலகையில் உடைந்த ஒரு துண்டு. அடுத்தது, 25 தொன் கிரேன் என்று சொன்னால் எங்கேயும் 25 தொன் தூக்கும் என்று அர்த்தமில்லை. கிரேனின் கையைச் சுருக்கி வண்டிக்கு மிகக் கிட்டத்தில் தூக்கினால்தான் அந்தக் கணக்கு. கையை நீட்ட நீட்ட வலு சரியும். முழுக்க நீட்டினால் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அன்று வளவுக்குள் கல்லும் மணலும் குவிந்து கிடந்ததால், வண்டியை வீதியோரத்தில் நிறுத்திக் கையை எட்டி நீட்டியிருக்கிறார்கள். பின்னேரக் கச்சான் காற்று வேறு. சாரதிக்குச் சைகை காட்டவென்று தனியாக ஒருவர் இல்லை. சும்மா நின்ற ஒரு பையன் கையைக் காட்டியிருக்கிறான். ஆடுகிற பீமைத் தூர நின்று பிடிக்கக் கயிறு கட்டவில்லை. தம்பி வெறுங்கையால் பிடித்தான்.

கிரேனின் கால் புதைந்தது, பீம் வீசியது, தூணுக்கும் பீமுக்கும் நடுவில் தம்பியின் இடது கால். கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் கிரேனுக்கு விதிகள் எப்போதோ எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. கிரேனை 14 மாதங்களுக்கு ஒரு தடவையும், தூக்கும் சங்கிலி வடங்களை 6 மாதங்களுக்கு ஒரு தடவையும் தகுதியுள்ளவர் சோதிக்கவேண்டும். எவ்வளவு தூக்கலாம் என்பதை இயந்திரத்திலேயே எழுதவேண்டும். அந்த வண்டியில் நான் அறிய எழுதியிருந்தது சாமி பெயர் மட்டும்.

பொழுதுபடுவதற்குள் கிரேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளை, தம்பியோடு நின்ற பையன் ஒருவன் அதற்குமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டான். புதைந்த இரும்புக் கால், பக்கத்தில் அந்தப் பலகைத் துண்டு.

மூன்றாம் நாள் ஆப்பிள் பை வந்தது. "அம்மா, நானும் உங்கள் பிள்ளை மாதிரி. கொழும்பில் எனக்கு ஆள் இருக்கிறது. ஆறு மாதத்தில் 10 இலட்சம் எடுத்துத் தருவேன். பொலிசுக்கு மட்டும் போய்விடாதீர்கள், போனால் கொந்தராத்துக்காரர் கையை விரித்துவிடுவார்" என்றார். நம்பினோம். கோப்புச் செலவுக்கு 35,000 ரூபா கேட்டார். அம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போனது.

பிறகு கோப்பைத் திறந்து ஐந்து வெள்ளைத் தாள்களை எடுத்தார். இரண்டில் முத்திரை ஒட்டியிருந்தது. தம்பி மருந்து மயக்கத்தில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டான். "தங்கச்சி, நீங்கள் சாட்சிக்குப் போடுங்கள், பெயரை விளங்க எழுதுங்கள்" என்றார். விளங்கத்தான் எழுதினேன்.

ஆறாம் மாதம் 75,000 ரூபா கொண்டுவந்து "இது முற்பணம்" என்றார். அதற்குப் பிறகு அழைப்புக்குப் பதில் இல்லை. பதினோராம் மாதம் நானே கொந்தராத்துக்காரரிடம் போனேன். அவர் கிரேன்காரரைக் காட்டினார், கிரேன்காரர் மேலே உள்ள கம்பனியைக் காட்டினார், கம்பனியில் நின்றவர் திரும்பவும் கொந்தராத்துக்காரரைக் காட்டினார். கடைசியில் அவர் அலுத்துப்போய் லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டார். 2 இலட்சம் ரூபாவை முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டதாகவும், இனி எந்த உரிமையும் கோருவதில்லை என்றும் தட்டச்சில் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: விபத்து நடந்த வேளையில் தான் மதுபோதையில் இருந்ததாகத் தம்பியே ஒப்புக்கொள்கிறானாம்! அவன் வாழ்நாளில் குடித்ததில்லை. அடியில் தம்பியின் கையெழுத்து, பக்கத்தில் விளங்க எழுதிய என் பெயர்.

அயல் வீட்டு ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போனேன். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அமைப்பு அது; வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேசிக் கொடுக்கிறார்கள். கல்முனையிலும் அம்பாறையிலும் அலுவலகம் உண்டு. சட்டத்தரணி அம்மா அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். மதுபோதை வரியில் பேனையை வைத்து, "இது தெரியாமல் எழுதியது இல்லை, இதுதான் நட்டஈட்டை மறுக்கிற வழி" என்றார். வைத்தியசாலை அனுமதிக் குறிப்பை எடுக்கச் சொன்னார். அதில் மதுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சத்தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பது சம்பளத்தையும் உடலில் ஏற்பட்ட இழப்பையும் பொறுத்தது. விண்ணப்பம் கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகவேண்டும். அந்த உரிமையைத் தொழிலாளி கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. கீழே எத்தனை கைமாறியிருந்தாலும் வேலையை மேலே எடுத்தவரையும் பொறுப்பாக்கலாம். ஆனால் விபத்து நடந்து 2 வருடத்துக்குள் கோரிக்கை போகவேண்டும். தரகர் எங்களை இழுத்தடித்தது அந்தக் காலத்தைத் தின்னத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

விண்ணப்பம் போய்விட்டது. விசாரணைக்கு இன்னும் அழைக்கவில்லை. தம்பி ஊன்றுகோலோடு நடக்கிறான். மழைக் குளிருக்குக் கால் உளைகிறது என்று இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பான். தரகர்மீது பொலிசிலும் முறைப்பாடு கொடுத்தேன். "பணம் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பிள்ளை மாதிரி என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் ரசீது கேட்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்த 35,000 ரூபாவுக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே அத்தாட்சி அம்மாவின் அடகுச் சீட்டு.