ஐ3யும் ரெங்கநாதன் கீபோட்டும்: ஆறு வருட அனுபவம்

2019இல் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய பழைய லப்டொப்பில்தான் முதன்முதலாக ஐ3 போட்டேன். மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009இல் தொடங்கிய, லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் அடுக்கும் விண்டோ மனேஜர் அது. 4 ஜிபி ராமுக்கு வேறு எதுவும் பாரமாக இருந்தது. பிறகு மெஷின் மாறிவிட்டது, ஐ3க்கான என் அமைப்புகளை எழுதி வைத்த அதே கொன்ஃபிக் கோப்பு மட்டும் கூடவே வந்திருக்கிறது.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போகும் ஆவணங்கள் என்று மூன்று மொழியிலும் வெள்ளவத்தை வீட்டிலிருந்து தட்டச்சுச் செய்கிறேன். இடப்பக்கம் ஸ்கேன் பிரதி, வலப்பக்கம் எழுதும் கோப்பு. ஐ3 இரண்டையும் தானாகவே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடும், மௌஸைத் தேடிக் கை போகாது. முதல் தடவை திறந்தபோது, ஷோர்ட்கட்டுகளுக்குச் சேர்த்து அழுத்தும் மொட் கீயாக விண்டோஸ் கீயா, ஆல்ட்டா என்று கேட்டது. லிப்ரே ஒஃபிஸ் மெனுவுக்கு ஆல்ட் வேண்டும் என்பதால் விண்டோஸ் கீயைக் கொடுத்தேன். அந்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை.

தொல்லை தமிழில்தான் வந்தது. இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ள ரெங்கநாதன் தமிழ் கீபோட்டுக்கு, விசை அமைப்பை மாற்றும் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளையால் மாறுவேன். ஒருநாள் அவசர வேலை. தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போது புரோகிராம் திறக்க விண்டோஸ் கீயுடன் டி அழுத்தினேன். அசையவில்லை. விண்டோஸ் கீயுடன் எண்டர் அழுத்தினால் மட்டும், கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினல் திறந்தது. திறந்து என்ன பயன்? ஆங்கிலத்துக்குத் திரும்பும் ஷோர்ட்கட்டும் ஓர் எழுத்தில்தான் கட்டியிருந்தது. டெர்மினலில் தட்டினால் தமிழ் விழுகிறது. கடைசியில் மேல் அம்புக்குறியை ஒவ்வொன்றாக அழுத்தி, முந்தின நாள் அடித்த பழைய கட்டளையைத் தேடிப் பிடித்து எண்டர் தட்டித்தான் வெளியே வந்தேன்.

காரணம் மிக எளிது. கொன்ஃபிக்கில் 'பைண்ட்சிம்' என்று எழுதினால் ஐ3 எழுத்தைத் தேடும். கீபோட் முழுவதும் தமிழாக மாறிய பிறகு அங்கே டி என்ற எழுத்தே கிடையாது. எண்டர் எந்த மொழியிலும் எண்டர்தான். 'பைண்ட்கோட்' என்று எழுதினால் எழுத்தைப் பார்க்காது, விசை இருக்கும் இடத்தின் எண்ணைப் பார்க்கும். எக்ஸ்இவி கட்டளையை ஓடவிட்டு விசையைத் தட்டினால் எண் தெரியும்: என் மெஷினில் டி 40, கியூ 24, எஃப் 41. அடிக்கடி கீபோட் மாற்றுபவர்கள் இப்படிச் செய்வதே நல்லது என்று ஐ3 கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அன்றிரவே எழுத்து வரிகள் எல்லாவற்றையும் எண்ணாக்கினேன். அதற்குப் பிறகு ஒருநாளும் நடுவேலையில் நின்றதில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ் எழுதுபவர்களுக்கு அடியில் ஆங்கில கீபோட்டே இருப்பதால் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது.

இதற்கு ஒரு விலை உண்டு. வேலை கூடும்போது உதவிக்கு வரும் தம்பி கொன்ஃபிக்கைத் திறந்து, "அண்ணா, இந்த 40 என்ன? 24 என்ன?" என்று கேட்டான். ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹேஷ் (#) போட்டு விளக்கம் எழுதியது அதற்குப் பிறகுதான். எண்ணில் எழுதுபவர்கள் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள்.

நான் அதிகம் நேசிப்பது மோட் வசதி, அதாவது விசைகளுக்குத் தற்காலிகமாக வேறு வேலை கொடுப்பது. விண்டோஸ் கீயுடன் எம் அழுத்தினால் 'மொழி' மோட். பிறகு 1 ஆங்கிலம், 2 தமிழ், 3 சிங்களம். தெரிவு செய்ததும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். புது மோட் எழுதும்போது எஸ்கேப் வரியை முதலில் எழுதிவிடுங்கள். அதுதான் வெளியே வரும் வழி. அது இல்லாமல் மோடுக்குள் மாட்டிக்கொண்டால் மற்ற ஷோர்ட்கட் ஒன்றுமே வேலை செய்யாது, கொன்ஃபிக்கை மீண்டும் ஏற்றும் ரீலோட் உட்பட. அகராதியை, ஜன்னலை மறைத்து வைக்கும் இடமான ஸ்கிராட்ச்பாடில் ஒளித்து வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் வரும், வேலை முடிந்தால் போய்விடும்.

இப்போது அந்தப் பழைய லப்டொப்பில், ஐ3 போலவே வேலை செய்யும் ஸ்வே போட்டுப் பார்க்கிறேன். அதில் பைண்ட்சிம் வரியில் 'டு-கோட்' என்று சேர்த்தால், எழுத்தை அதுவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. வரியும் வடிவாக வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. 40ஐ அழித்து மறுபடி டி என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.