தரம் ஐந்தா, ஆறாம் வகுப்பா, நாவலரா? வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த இலக்கணம்

அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான்தான் வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 10. சின்னவனுக்கு மூச்சுத் திணறல். இலங்கை மலையகத்தில், கொட்டகலைக் குளிரில் விடியற்காலை பஸ் பிடிப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. பெரியவள் பிறகு சேர்ந்துகொண்டாள், அது வேறு கதை.

ஆரம்பத்தில் பக்கத்தில் ஒரு தனியார் வகுப்பில் விசாரித்தேன். "வயசு பத்தா? அப்ப தரம் அஞ்சு" என்று சொல்லிப் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதம் செய்தான். பெயர்ச்சொல்லின் கீழ் கோடு போடு என்றால் போடுவான். ஆனால் சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதச் சொன்னால் நான்கிலும் பிழை.

அப்புறம்தான் மேசையில் மூன்றையும் பரப்பி வைத்தேன்: நம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிப் பாடநூல்கள், தமிழ்நாட்டு அரசின் தமிழ்ப் பாடநூல்கள் (என்னிடம் இருப்பவை 2018, 2019இல் வந்தவை), ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம். முதல் இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் காசு பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை.

ஒப்பிடுவதற்கு முன் சின்னவனிடம் 'மழை நாள்' என்று ஒரு பத்து வரி எழுதி வாங்கினேன். யாரும் உதவவில்லை, அழிறப்பரும் கொடுக்கவில்லை. அதிலிருந்து மூன்று வரி:

"மலையில் நல்ல மழை. தேயிலை தோட்டத்தில் கொலுந்து எடுத்தவர்கள் ஓடி வந்தார்கள். நாய்கள் லயத்துக்குள் ஓடியது."

(லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு.) மலையையும் மழையையும் குழப்பவில்லை, கவனித்தீர்களா? கொழுந்தில்தான் சறுக்கினான். நாள் முழுக்க வீட்டில் காதில் விழும் சொல் அது. காதில் விழுந்தபடியே எழுதிவிட்டான். 'தேயிலைத் தோட்டம்' என்பதில் த் இல்லை. மூன்றாவது, நாய்கள் ஓடின என்று வரவேண்டியது. கேட்டால், "நாய்ங்க ஓடுச்சுன்னுதானே சித்தி சொல்றோம்?" என்கிறான். நியாயமான கேள்விதான். பேச்சில் ஒரு நாய் ஓடினாலும் ஓடுச்சு, பத்து நாய் ஓடினாலும் ஓடுச்சு. 'ஓடின' மாதிரியான பலவின்பால் வினைமுற்று நம் வாயில் இல்லவே இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது. பிள்ளை அதை ஏறக்குறைய ஒரு புதுமொழி மாதிரிப் படித்தாக வேண்டும்.

இந்த மூன்று பிழையையும் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு நூல்களைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. மயங்கொலி, அதாவது ல, ழ, ள மாதிரிக் குழம்பும் எழுத்துகள், ஆறாம் வகுப்பில். அந்த த் வரும் இடம், வராத இடம் சொல்லும் 'வல்லினம் மிகும் இடம், மிகா இடம்' எட்டாம் வகுப்பில். திணை, பால், இடம், வழு எல்லாம் விரிவாக வருவது பத்தாம் வகுப்பில். பத்து வயதுப் பிள்ளை ஒரே பத்தியில் செய்த பிழைகளுக்கு மருந்து நான்கு வருடத் தூரத்தில் சிதறிக் கிடக்கிறது! எந்த மட்டத்தில் இவனை வைப்பது? வயதைக் கேட்டால் ஐந்து என்கிறது, பிழையைக் கேட்டால் ஆறு, எட்டு, பத்து என்கிறது.

அதற்காகத் தமிழ்நாட்டு நூல் சரியில்லை என்று சொல்ல வரவில்லை. இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என் வாக்கு அதற்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து 'கற்கண்டு' என்று இலக்கணத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. ஆறில் எழுத்தின் வகை, முதலெழுத்து, சார்பெழுத்து, இன எழுத்து, நால்வகைச் சொல். ஏழில் குற்றியலுகரமும் குறுக்கங்களும். எட்டில் வினைமுற்று, எச்சம், வேற்றுமை, புணர்ச்சி. படிக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியராக இல்லாத வீட்டில் இது பெரிய உதவி. எனக்கே மறந்துபோன ஆய்தக்குறுக்கத்தை அதில்தான் திரும்பப் படித்தேன்.

நம் பாடநூலில் இலக்கணம் அப்படித் தனியாக நிற்பதில்லை. கதையோ கட்டுரையோ படித்தபின் மொழிப்பயிற்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கரும்பலகையில் விரித்துச் சொல்வார் என்று நம்பி எழுதப்பட்டது அது. வீட்டில் அந்தக் கரும்பலகை இல்லை. ஆனால் பிள்ளை தன் ஊரை அதில்தான் பார்க்கிறான். மாகாணம், தரம், புகையிரத நிலையம், பரீட்சை எல்லாம் அவனுக்குத் தெரிந்த சொற்கள். தமிழ்நாட்டு நூலில் மாநிலம், வகுப்பு, தேர்வு. அங்கே ஜூன், ஜூலை. இங்கே யூன், யூலை. அங்கே எழுத்துகள், இங்கே பெரும்பாலும் எழுத்துக்கள். ஒரு வாரம் இரண்டையும் மாறி மாறிப் படித்த பெரியவள் எது சரி என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் புழக்கத்தில் உள்ளவை, நம் பரீட்சைக்கு நம் நூல் எழுதுகிறபடி எழுது என்று சொல்லி முடித்தேன்.

அந்தப் பரீட்சைதான் இந்த ஒப்பீட்டில் கனமான படிக்கல். வீட்டில் படித்தாலும் கடைசியில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுத உட்கார வேண்டும். தாய்மொழி அதில் கட்டாயப் பாடம்; வினாத்தாள் வருவது நம் தரம் 10, 11 பாடத்திட்டத்திலிருந்து. ஆகவே தரம் பத்துக்கு வந்தபின் நம் நூலை விட்டு அசையக்கூடாது. அதுவரை கொஞ்சம் அப்படி இப்படிப் போகலாம்.

நாவலர் (1822–1879) விஷயம் வேறு. எழுத்து, சொல், தொடர்மொழி என்று மூன்று அதிகாரம். விதி, உதாரணம், அடுத்த விதி, வளவளப்பு கிடையாது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பரீட்சை வினாக்கள் இருப்பது வீட்டில் கேள்வி கேட்க நல்ல வசதி. ஆனால் சொற்கள் எல்லாம் புணர்ந்து நீளமாக ஓடும் பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடை. பெரியவளிடம் வேற்றுமைப் பகுதியைக் கொடுத்தேன். அரைப் பக்கம் படித்துவிட்டு, "சித்தி, இதை முதல்ல தமிழ்ல சொல்லுங்க" என்றாள். பதினைந்து வயதுக்கு முன் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்தில் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஐம்பாலை (ஆண், பெண், பலர், ஒன்றன், பலவின் பால்கள்) நான் சின்னவனுக்குச் சொல்லும் முன் இதில்தான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது இதுதான். பெரியவளுக்கு வாசிப்பும் எழுத்தும் நம் தரம் 8. இலக்கணம் தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு, அதிலும் யாப்பை இப்போதைக்கு விட்டுவிட்டேன். சின்னவனுக்கு வாசிக்க நம் தரம் 5. இலக்கணத்தில் தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பின் எழுத்துப் பகுதியும் மயங்கொலியும் மட்டும். பலவின்பாலை எந்த நூலுக்கும் காத்திருக்காமல் நானே வாக்கியம் எழுதிப் பழக்குகிறேன்: கோழிகள் மேய்ந்தன, லொறிகள் ஏறின, கொழுந்துக் கூடைகள் நிறைந்தன.

பெயர்ச்சொல் நடத்திய அன்று ஒரு கூத்து. தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான், அதற்கு அரைப்பேர் என்று பெயர். "அம்மாச்சிக்கு அரைப்பேர் போட்டா அது அரைப் பெயர்ச்சொல்லா சித்தி?" என்று கேட்டான். அம்மாச்சி அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பத்து வரியை எழுதச் சொல்கிறேன். போன வாரம் எழுதியதில் நாய்கள் ஓடின, கோழிகளும் ஒழுங்காக மேய்ந்தன. கொழுந்தும் சரி. தேயிலைத் தோட்டத்தில் மட்டும் இன்னும் த் வரவில்லை. சுழித்துக் காட்டினேன். தோட்டத்து வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கு என்றான். சாயங்காலம் கடைக்குப் போகும்போது நின்று பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான்.