கண்டி–எல்ல ரயிலில் ஜன்னல் சீட் என்று சொல்லி 41,600 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

இலங்கையிலிருந்து திருச்சிக்குத் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இலங்கை மலை ரயிலுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களிடமிருந்து போனது 41,600 ரூபாய். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். வீடியோ போட்டு ஆள் பிடிக்கும் இணையவழி டூர் ஏற்பாட்டாளர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டம், வளைந்து வரும் நீல ரயில், வாசற்படியில் தொங்கியபடி சிரிக்கும் பெண். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு ரயில் பயணம். கண்டியிலிருந்து எல்ல என்ற ஊருக்கு மலை வழியாக ஒன்று. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலி நகரத்துக்குக் கடலோரமாக மற்றொன்று. இரண்டாவது முழுக்க அம்மாவுக்காக. அம்மா நாகப்பட்டினத்துக்காரர். 2004 டிசம்பர் 26 அன்று சொந்தத் தங்கையைக் கடலுக்குக் கொடுத்தவர். அதே காலையில் அதே அலை இலங்கையின் பெரலியவில் ஒரு ரயிலையே புரட்டிப் போட்டு ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோனதைப் படித்த நாளிலிருந்து, அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயது 68, முழங்கால் வலி. நின்றுகொண்டு போக முடியாது. அதனால்தான் முன்பதிவு, அதனால்தான் ஏஜென்ட்.

நான் ஏமாந்த நிமிடம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். போனில் பேசியவர் எடுத்த எடுப்பில் விலை சொல்லவில்லை. "அக்கா, அம்மாவுக்கு என்ன வயது?" என்றுதான் கேட்டார். நானுஓயா வரை வலப்பக்கம் நன்றாக இருக்கும், அதன்பின் இடப்பக்கம் என்றார். "தலவாக்கலைப் பக்கம் அருவி வரும், அம்மா தூங்கிவிட்டால் எழுப்பி விடுங்கள் அக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் ரயில் பெட்டியின் இருக்கை வரைபடம் வந்தது. 31, 32, 35, 36. நான்கின் மீதும் பச்சை வட்டம். இரண்டாம் வகுப்பு, அதில் இரண்டு ஜன்னலோரம். நாலு பேருக்கு இரண்டு ரயில் டிக்கெட்டும், எல்லவிலிருந்து கொழும்புக்குக் காரும் சேர்த்து 41,600. நிறுவனக் கணக்கில் போட்டால் வரி சேரும் என்று ஒரு தனியாள் கணக்கைக் கொடுத்தார். கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கிறவள், "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்லி மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

கண்டி ரயில் நிலையத்தில் ஒரு பையன் வந்து ஒட்டிய உறை ஒன்றைக் கையில் திணித்தான். அவனுக்கு 500 இலங்கை ரூபாய் அன்பளிப்பு வேறு கொடுத்தேன். இதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக எரிகிறது. உறையைப் பிரித்தால், நம் ஊரில் முன்பு இருந்ததே, அந்த மாதிரி சின்ன அட்டைச் சீட்டு நான்கு. இருக்கை எண் இல்லை. பெயர் இல்லை. கவுண்டரில் காட்டினேன். அங்கிருந்தவர் தமிழிலேயே சொன்னார்: "இது மூன்றாம் வகுப்பு அம்மா, முன்பதிவு இல்லாதது." திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம். சில நூறு இலங்கை ரூபாய்க்கு அதே கவுண்டரில் கிடைக்கும் சீட்டு அது.

போன் செய்தேன். "ஏறிவிடுங்கள் மேடம், உள்ளே நம் ஆள் இருப்பார்." அக்கா அன்றைக்கே மேடமாகிவிட்டேன்.

வண்டி கொழும்பிலிருந்தே நிரம்பி வந்தது. உள்ளே ஆளும் இல்லை, இடமும் இல்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற வெளிநாட்டுப் பையனின் முதுகுப்பை ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் கண்ணாடியில் வந்து மோதியது. மலை, அருவி, தேயிலை எல்லாம் அந்தப் பைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. ஹட்டன் வருவதற்குச் சற்று முன்னால், பிள்ளையை மடியில் வைத்திருந்த தோட்டத்துப் பெண் ஒருவர் எழுந்து, "இப்படி உட்காருங்கள் அம்மா, நாங்கள் இறங்கப் போகிறோம்" என்றார். பைசா வாங்காமல் அம்மாவுக்கு இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லவில் கார் வரவில்லை. நாங்களே வேன் பிடித்தோம். கொழும்பில், காலி நகரத்துக்குப் போகும் ரயிலுக்கான சீட்டுடன் ஆள் வருவார் என்றார்கள். மாலை நான்கு மணிவரை காத்திருந்து, கடைசியில் நாங்களே சீட்டு வாங்கி ஏறியபோது அலுவலகம் விட்ட கூட்டம் வண்டியை அடைத்துக்கொண்டிருந்தது. கடல் வலப்பக்கம். நாங்கள் நடுவழியில். "பெரலிய தாண்டிவிட்டோமா?" என்று அம்மா கேட்டபோது வண்டி ஹிக்கடுவையில் நின்றுகொண்டிருந்தது. தாண்டிவிட்டோம் அம்மா என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்த பேச்சையும் கேளுங்கள். முதலில், "எங்கள் குழு ஆராய்கிறது, 48 மணி நேரம் பொறுங்கள்." பிறகு, "சீசன் நேரம் மேடம், இலங்கை ரயில்வே இருக்கையை மாற்றிவிட்டது." பிறகு, "நீங்கள் எல்லவுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா இல்லையா? சேவை முடிந்துவிட்டது, பணம் திரும்பாது." வராத காருக்கும் கொடுக்காத சீட்டுக்கும் என்ன பதில் என்று கேட்டேன். செய்தியைப் படித்ததற்கான அடையாளம் மட்டும் வந்தது. நேற்றிலிருந்து அதுவும் இல்லை. 41,600 ரூபாய்க்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து விவரம் தேடினேன். முன்பே தேடியிருக்க வேண்டும், திட்டாதீர்கள். அந்த ரயிலுக்கு முன்பதிவு திறப்பதே 30 நாளுக்கு முன்னால்தான். நான் பணம் கட்டியது 50 நாளுக்கு முன்னால். அப்படியென்றால் அந்த 31, 32, 35, 36 எங்கிருந்து வந்தது? அது போதாதென்று, ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் போவீர்கள் என்றும் சொல்லியிருந்தார். 1921இல் கட்டிய அந்தப் பாலம் எல்லவைத் தாண்டி, தெமோதரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. எல்லவரை சீட்டு எடுத்தவன் அதன்மேல் எப்படிப் போவான்? வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: பயணத்துக்கு 30 நாளுக்கு மேல் இருக்கும்போதே இருக்கை எண் தருகிறவரை நம்பாதீர்கள். தனியாள் கணக்கில் பணம் போடாதீர்கள். இலங்கை ரயில்வேயின் சொந்த முன்பதிவுத் தளத்திலேயே முயலுங்கள். இடம் இல்லையென்றால் தேதியை மாற்றுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், என்னைப் போல ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். நான் நேற்றுத்தான் புகார் கொடுத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மகன் அவர்களுடைய பக்கத்தைத் திறந்து காட்டினான். அடுத்த மாதப் பயணத்துக்குப் புதிய விளம்பரம் போட்டிருக்கிறார்கள், "கடைசி நான்கு இருக்கைகள்" என்று. கீழே அதே வரைபடம், அதே பச்சை வட்டங்கள். 31, 32, 35, 36.