பல்வலி இரவில் கைகொடுத்த லாக்ட்மெட்

குழந்தைக்கு மூன்று மாதம். எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. பல் டாக்டர் எழுதிய மாத்திரையை நீட்டிய மெடிக்கல்காரர், "பால் கொடுக்கறீங்களா? ரெண்டு நாள் நிறுத்திடுங்க" என்றார். வீட்டுக்கு வருவதற்குள் அத்தை பால்பவுடர் டப்பாவே வாங்கி வைத்துவிட்டார்.

அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தை போன் வெளிச்சத்தில் படித்தேன். ஐபுப்ரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டையும் லாக்ட்மெட்டில் தேடினேன். பாலூட்டும் தாய்மார் எடுக்கும் மருந்துகள் பற்றி, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும் இலவசத் தரவுத்தளம் இது. பதிவு, விளம்பரம் எதுவும் இல்லை. ஐபுப்ரோஃபென் தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கிறதாம். குழந்தைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு. உடம்பைவிட்டும் சீக்கிரம் போய்விடும். பாராசிட்டமாலும் பாலூட்டும்போது எடுக்கலாம் என்றே இருந்தது.

எல்லா வலி மாத்திரைக்கும் ஒரே பதில் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நாப்ராக்சென் உடம்பில் நெடுநேரம் தங்கும். பச்சிளம் குழந்தை இருந்தால் வேறு மருந்து நல்லது என்கிறது.

குறை? எல்லாம் ஆங்கிலம், அதுவும் டாக்டர் ஆங்கிலம். நம்மூர்க் கூட்டு மாத்திரைகளை ஒவ்வொரு மருந்தாகப் பிரித்துத்தான் தேட வேண்டும். குறைமாதக் குழந்தை என்றாலோ, தாய்க்கு அல்சர், கிட்னி பிரச்சினை இருந்தாலோ இதை மட்டும் நம்பாதீர்கள். நானும் காலையில் குழந்தை டாக்டரிடம் போனில் கேட்ட பிறகே, சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டேன்.

ஐந்துக்கு நாலரை. டப்பா இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.