கெத்தா, ஜிகினாவா? ஆண் பாடகனுக்கு இரண்டு மேடை வழிகள்

என் சித்தி மகன் பாடுகிறான். கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்தவன், கல்யாண டின்னர்களில் பாடகர் குரல் நீக்கிய ‘மைனஸ் ஒன்’ இசைக்குப் பாடிப் பழகியவன், இப்போது சொந்தப் பாட்டோடு வெளியே வந்திருக்கிறான். அவனுக்கு உடை தைப்பது, ஏற்பாட்டாளர்களிடம் பேசுவது, தேதி குறிப்பது எல்லாம் நான்தான். முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்கும் முன்னால் எந்தத் தோற்றத்தில் அவன் மக்கள் முன் நிற்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. கோலாலம்பூரில் தமிழில் பாட வரும் ஆணுக்கு நடைமுறையில் இரண்டு வழிகள்தான். ஒன்று கெத்து வழி: கறுப்புச் சட்டை, தாடி, கூலிங் கிளாஸ், பின்னால் நாலு நண்பர்கள். இன்னொன்று ஜிகினா வழி: மினுங்கும் உடை, கண்மை, கடுக்கன், ஆட்டம், மேல் ஸ்தாயிக்குப் போகிற குரல்.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

கெத்து வழியின் நன்மைகள் எல்லாருக்கும் தெரியும். செலவு குறைவு. வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது மனப்பாடம். எந்த வரியில் கைதட்ட வேண்டும் என்று கூட்டத்துக்கும் தெரியும். கல்யாண வீட்டு அங்கிள் யாரும் முகம் சுளிக்க மாட்டார். அந்த வழிக்கு இங்கே ஒரு பெருமையான வரலாறும் உண்டு. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ வந்த பிறகுதான் மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடும் திரும்பிப் பார்த்தது. கோபத்தைச் சொல்ல, ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து பேச அந்த வடிவத்துக்கு இருக்கும் பலம் வேறு எதற்கும் இல்லை. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

மூன்றாவதாக, சாதாரண டீ சர்ட்டில் வந்து பாடிவிட்டுப் போகும் வழியும் இருக்கிறதே என்பார்கள். இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் அப்படித்தான் கிதாரோடு தனியாக நின்று இங்குள்ள புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கத்தை நிரப்பினார். சரி, ஆனால் அதற்குப் பாட்டு ஒவ்வொன்றும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் இருப்பவனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அப்புறம், ஜிகினா வழியில் ஏன் இவ்வளவு குறைவான ஆண்கள்? முடிவெடுக்கும் முன் இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். காரணம் தெரியாமல் அவனை அந்த மேடையில் ஏற்றிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

ஒரு பெண் பாடகி கோட்டு சூட்டுப் போட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால் ‘தைரியமான பெண்’ என்கிறோம். 1983இல் பிரிட்டிஷ் பாடகி ஆனி லெனாக்ஸ் அப்படி வந்தார், இன்றும் அதைப் பாராட்டிப் பேசுகிறார்கள். ஆண் ஒருவன் பாவாடை மாதிரி எதையாவது போட்டால் அவன் எதையோ இழந்துவிட்டவனாகத் தெரிகிறான். 2020 டிசம்பரில் பிரிட்டிஷ் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் நீண்ட கவுனில் அமெரிக்க ஃபேஷன் இதழான வோக்கின் அட்டையில் வந்தார். அந்த இதழின் அட்டையில் தனியாக இடம்பிடித்த முதல் ஆண் அவர். உடனே ‘ஆண்மை எங்கே போயிற்று’ என்று அங்கேயே கூச்சல் எழுந்தது. ஆணுக்குரியது மேலே, பெண்ணுக்குரியது கீழே என்று மனதுக்குள் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதனால் பெண் ஆணுடையதை எடுத்தால் ஏறியதாகவும், ஆண் பெண்ணுடையதைத் தொட்டால் இறங்கியதாகவும் தோன்றுகிறது. பெண்களைத் தாழ்வாக வைத்திருப்பதற்கு ஆண் பாடகர்கள் கட்டும் அபராதம் இது. இதே எண்ணம் பெண் பாடகிகளை வேறு விதத்தில் வதைக்கிறது: ஒவ்வோர் இசைத்தொகுப்புக்கும் அவர்கள் புது உருவம் எடுத்தே ஆக வேண்டும். ஆணை யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்காததால் அவனும் முயல்வதில்லை.

தமிழில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. நமக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு, குரல் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது. டி.எம். சௌந்தரராஜன் பாட, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைத்தார்கள். மேடையில் பாடகர் விபூதி இட்டுக்கொண்டு மைக் முன்னால் அசையாமல் நின்றால் போதும். ஆட்டமும் அலங்காரமும் கதாநாயகனுக்குப் போய்விட்டன. அந்தக் கதாநாயகன் பெண் வேடம் போட்டாலும் பெரும்பாலும் சிரிக்க வைக்கவோ, யாரிடமிருந்தாவது தப்பிக்கவோதான். கடைசிச் சண்டைக்குள் வேடம் கலைந்துவிடும். அழகாக இருப்பதற்காகவே ஓர் ஆண் அலங்கரித்துக்கொண்டு பாடுவதைப் பார்க்க நம் கண்கள் பழகவில்லை.

பழகவில்லை என்று சொல்வதும் முழு உண்மையில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பாருங்கள்: தோளில் புரளும் முடி, வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, வானத்துக்கு எகிறும் குரல். தமிழின் முதல் பெரிய நட்சத்திரமே அவர்தான். அவரை யாரும் ஆண்மை குறைந்தவர் என்று சொல்லவில்லை, ஊரே அவர் மாதிரி முடி வளர்த்தது. நாடக மேடையில் ஆண்கள் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டார்கள். டி.கே. சண்முகத்துக்கு ஔவை என்ற பட்டமே ஔவையார் வேடத்தால் கிடைத்தது. இங்கே தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போனால் தெரியும். மயிற்பீலி, மாலை, காலில் சலங்கை, மஞ்சள் பூசிய உடம்பு என்று ஆண்கள்தான் அன்று அதிகம் அலங்கரித்திருப்பார்கள், உருமி மேளத்துக்கு ஆடிக்கொண்டே 272 படி ஏறுவார்கள். அதைப் பார்த்துக் கண்கலங்கும் அதே மாமாதான் மேடையில் என் தம்பியின் கண்மையைப் பார்த்து, ‘ஏன் இதெல்லாம்?’ என்கிறார்.

மலேசியாவிலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். பினாங்கில் பிறந்த அலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களுக்கு அந்தப் பெரிய ஆஃப்ரோ முடிதான் அடையாளம். மலாய்ப் பாட்டைப் பாடி நாடு முழுவதும் இனம் பார்க்காமல் ரசிக்கப்பட்ட தமிழர்கள் அவர்கள். மலாய்ப் பாடகர் சுடிர்மான் 1986இல் கோலாலம்பூரின் சௌகிட் சாலையை மறித்து நடத்திய கச்சேரிக்கு ஒரு லட்சம் பேர் வந்தார்கள். சட்டம் படித்தவர், சிறிய உருவம், பளபளக்கும் உடை, ஓயாத ஆட்டம். அவரைப் பற்றிப் பேசும்போது என் அம்மாவின் முகம் இன்றைக்கும் மலரும். அவர் 37 வயதில் மறைந்தது 1992இல். அதே ஆண்டில்தான் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாது என்று அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மத் உத்தரவு போட, சர்ச், விங்ஸ் குழுப் பாடகர்கள் முடியை வெட்ட வேண்டி வந்தது. ஆணின் தலைமுடியே அரசாங்க விவகாரமான நாடு இது. 2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த இசைவிழாவில் ‘தி 1975’ என்ற பிரிட்டிஷ் குழுவின் பாடகர் மேடையில் தன் குழுவின் ஆண் கலைஞரை முத்தமிட்டு, ஓரினச்சேர்க்கைக்கு எதிரான நாட்டின் சட்டத்தைத் திட்டிவிட்டுப் போனார். விழாவின் மிச்ச நாட்கள் ரத்தாயின, பாடக் காத்திருந்த உள்ளூர்க் கலைஞர்களுக்குத்தான் நஷ்டம். நான் துணிச்சல் என்று சொல்வது அந்த மாதிரியை இல்லை. மறுநாளும் இதே ஊரில் பேருந்து ஏறி வேலைக்குப் போகிறவனின் துணிச்சல் வேறு.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். பராமரிப்பு.

பணத்தில் பார்த்தால் கெத்து வழி சுலபமாக ஜெயிக்கும். ஜிகினாத் துணியைக் கோலாலம்பூர் கடைவீதியான மஸ்ஜித் இந்தியா பக்கம் தேடித்தேடி வாங்க வேண்டும். மெஷினில் துவைக்க முடியாது. வியர்வை பட்டால் உள்துணி நாறும், அதைப் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சி முடிந்தால் உதிர்ந்த ஜிகினாவைக் கையால் கோக்க ஒரு மாலை போய்விடும். ஆட்டத்துக்குத் தினமும் பயிற்சி வேண்டும். கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டால் முடிந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

உருவத்தைப் பராமரிப்பது வேறு கணக்கு. கெத்தைத் தினமும் காவல் காக்க வேண்டும். யாராவது இணையத்தில் சீண்டினால் பதிலடி கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். போன பாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் அடுத்த பாட்டில் கார். போன பாட்டில் ஓர் எதிரி என்றால் அடுத்ததில் ஊரே எதிரி. சிரிப்பில்கூட ஒரு அளவு இருக்கிறது. ரசிகர்களே அந்தக் காவலுக்கு ஆள் ஆகிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாடகர் அந்த வழியில் நல்ல பெயர் எடுத்தவர். மகள் பிறந்ததும் அவளுக்காக ஒரு தாலாட்டு எழுதிப் பாடி வெளியிட்டார். அருமையான பாட்டு. அவருடைய ரசிகர்களே கேலி செய்தார்கள், ‘அண்ணன் இளகிட்டாரு’ என்று. பாட்டை எடுத்துவிட்டார். பாடகன் ஒருவன் தன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாட முடியாத ஓர் உருவத்துக்குள் எத்தனை வருஷம் இருப்பான்? எனக்கு அந்த வழி மூடிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஜிகினா வழியில் வசவு முதல் நாளே வந்துவிடும். வந்தது. எழுதக் கூசும் சொற்கள் எல்லாம் வந்தன. ஆண்களைத் தலைகுனிய வைக்க நம்மிடையே புழங்கும் அந்தச் சொற்கள் எல்லாமே பெண்களையும் திருநங்கைகளையும் இழிவுபடுத்துபவை என்பதை அப்போதுதான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். அவன் யாரை விரும்புகிறான் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. எந்தப் பதிலிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முதல் அலை ஓய்ந்த பிறகு அவனிடம் காவல் காக்க எதுவும் மிச்சமில்லை. அடுத்த பாட்டுக்கு அவன் வெள்ளை வேட்டியில், கண்மை இல்லாமல், அம்மாவைப் பற்றி மெதுவாகப் பாடினான். யாரும் ஏன் மாறினாய் என்று கேட்கவில்லை. மாறுவான் என்று எதிர்பார்க்கவே பழகிவிட்டார்கள். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி, ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற தன் புகழ்பெற்ற வேடத்தை 1973 ஜூலையில் லண்டன் மேடையிலேயே முடித்துவைத்தார். சில வருஷங்களில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு வெயிஸ்ட்கோட்டுமாக வேறு ஆளாக வந்து நின்றார். ஆடம்பரமாகத் தொடங்கியவருக்கு எளிமைக்குப் போகும் கதவும் திறந்தே இருந்தது. கறுப்புச் சட்டையில் தொடங்கியவன் ஜிகினாவுக்கு வருவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

ரசிகர்கள் பற்றியும் ஒன்று. கூட்டம் வராது என்று பயமுறுத்தினார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பல வருஷமாகக் கண்மை போட்ட கொரியப் பாடகர்களின் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பதை அவர்கள் யோசிக்கவில்லை. முதல் வரிசைக்கு வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவந்த அம்மாக்களும். வேற்று நாட்டுப் பையனிடம் ரசித்ததைச் சொந்த மொழிப் பையனிடம் ரசிக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆண்கள் பின்வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆனால் நிற்கிறார்கள்.

எனக்கு உறுதியில்லாத இடங்களும் உண்டு. எங்கள் அனுபவம் கோலாலம்பூரோடு சரி. தோட்டப்புறக் கோயில் திருவிழா மேடையில் இவன் இதே உடையில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததில்லை. அவனுக்கு வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை, நாற்பதில் இந்த வழி எப்படி இருக்கும் என்று காட்ட இங்கே தமிழில் எனக்கு முன்னுதாரணம் கிடைக்கவில்லை. சித்திக்கு இன்னும் கவலைதான். “பொண்ணு பாக்கப் போறப்போ இந்த வீடியோவைக் காட்டுவாங்கடி” என்கிறார். அந்தக் கவலையைச் சிறிதென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அவனுக்குக் கள்ளக்குரல், அதாவது மேல் ஸ்தாயியில் மெல்லிதாக எழும் குரல், இவ்வளவு சுத்தமாக வராமல் இருந்திருந்தால், உடம்பில் ஆட்டம் இல்லாமல் இருந்திருந்தால், நானே கெத்து வழியைத்தான் சொல்லியிருப்பேன். துணிச்சலான உடை அரைகுறைப் பாட்டைக் காப்பாற்றாது, இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டும். ராப் எழுதத் தெரிந்த, சொல்ல ஒரு கோபம் இருக்கிற பையன் யாராவது இதைப் படித்தால், உன் வழியிலேயே போ தம்பி. தாலாட்டு ஒன்றை மட்டும் முதல் தொகுப்பிலேயே சேர்த்துவிடு. பின்னால் சேர்க்க விட மாட்டார்கள்.

இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்கு நடைமுறையில் ஒன்று. ஒரு டின்னரில், மேடை ஏறப் பத்து நிமிஷம் இருக்கும்போது, முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். அவன் கழுவிவிட்டுத்தான் பாடினான், அன்று அவன் குரல் எழவே இல்லை. அதற்குப் பிறகு முன்பணம் வாங்குமுன்னே உடையோடும் ஒப்பனையோடும் எடுத்த படத்தை ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிடுகிறோம். கல்யாண வீடு என்றால் பெண் வீட்டாருக்கும் காட்டச் சொல்கிறோம். வேண்டாம் என்கிறவர்கள் அப்போதே சொல்லிவிடுகிறார்கள், அந்தத் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். சரி என்கிறவர்களிடம் ஒலிபெருக்கி, விளக்கு பற்றி மட்டும் பேசினால் போதும்.