கும்பகோணத்துல வாங்குன வெண்கலப் பானை: வெளிநாட்டுல பொங்கல் வைக்கிறவங்க படிங்க

கும்பகோணம் பெரிய கடைத்தெருவுல ஒரு சின்ன பழைய பாத்திரக்கடை, போன ஆடில ஊருக்கு வந்தப்ப அங்கதான் பொங்கப்பானை எடுத்தேன். ஜெர்மனில இத்தன வருஷமும் குக்கர் பொங்கல்தான், பால் பொங்கி வழியிறத புள்ளைங்க பாத்ததே இல்லையேன்னு மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

கடைக்காரப் பெரியவரு விலையே சொல்லல, மொதல்ல "ஏம்மா, அங்க என்ன அடுப்பு?"ன்னு கேட்டாரு. அதுக்காகவே இந்தக் கடைய நான் சொல்லுவேன். கண்ணாடி மேல வச்சு சமைக்கிற கரண்ட் அடுப்புன்னதும் எடுத்து வச்சிருந்த உருண்டை அடி பானைய உள்ள தள்ளிட்டு, அடி தட்டையா இருக்குறது ஒண்ண தரையில வச்சு அழுத்திப் பாத்து ஆடலன்னு காமிச்சாரு. இண்டக்‌ஷன்னா குடுத்திருக்கவே மாட்டாராம், வெண்கலத்துல காந்தம் ஒட்டாது, சூடே ஏறாது. பித்தளை கேட்டேன், அதுக்கு ஈயம் பூசணும், அந்த ஊர்ல யாரும்மா பூசுவா, வெண்கலத்துக்கு அது வேணாம்னுட்டாரு. விரல் கணுவால ஒரு தட்டு தட்டுனாரு, கணீர்னு கேட்டுச்சு, விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போயிருமாம். கீழ மட்டும் போட்டுராதன்னு ரெண்டு தடவ சொன்னாரு.

எடை போட்டுதான் விலை, ரெண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு, பேரம் கெடையாது. பேக்கிங்தான் சரியில்ல, பேப்பர் சுத்தி சணல் கட்டிக் குடுத்தாங்க, நான் அம்மாவோட பழைய நூல் புடவை ரெண்ட சுத்தி பெட்டிக்குள்ள வச்சுதான் கொண்டுபோனேன்.

2026 தை 1 வியாழக்கிழமை, ஆபிஸ் ஸ்கூல் எல்லாம் உண்டு, அதனால சனிக்கிழமைதான் வச்சோம், ஊர்ல அன்னிக்கு காணும் பொங்கல். சூரியன் வரவே எட்டு மணிக்கு மேல ஆகுது, வீடியோ கால்ல அம்மா மத்தியான சாப்பாட்டுக்கு எல போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. வீரமாங்குடி அச்சு வெல்லம் கையில இருந்துச்சு. நெய் கொண்டுபோக முடியாது, பால் சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பாவுக்குள்ள விடமாட்டாங்க, அதனால அங்கயே வெண்ணெய் வாங்கி உருக்குனேன். கரும்பும் மஞ்சக்கொத்தும் செடி சர்டிபிகேட் இல்லாம போகாது, ஆனா காஞ்ச விரலி மஞ்சளுக்கு அந்தத் தொல்லை இல்ல, அதத்தான் கயித்துல கோத்து பானை கழுத்துல கட்டுனோம். பால் பொங்குனப்ப சின்னவ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டம்மா கதவத் தட்டி என்னாச்சுன்னு கேட்டாங்க, அவங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தோம். பானை சூட்ட நல்லா புடிச்சு வச்சுக்குது, அடுப்ப அணைச்சும் ரொம்ப நேரம் தளதளன்னு கொதிச்சுது, அடிப்புடிக்கல.

மொதல் தடவ வைக்கிறதுக்கு முன்னாடி வடிகஞ்சி ஊத்திக் கொதிக்க வச்சு, ஆறுனதும் புளி போட்டுத் தேச்சிருங்க. வாங்குறதுன்னா ஆடி, ஆவணியிலயே போங்க, மார்கழி கடைசில போனா கூட்டத்துல உங்க அடுப்பப் பத்திக் கேக்க பெரியவருக்கு நேரம் இருக்காது.